கூறு போட்டவன் வாய் திறக்கக்கூடாது

விரிசல் விட்ட ஓர் இரும்பைத் துடைத்து மினுக்கி, நல்லது போலத் தோன்றச் செய்து, என்னை நம்பிய ஒரு மனிதரின் கண்முன்னே வைத்தேன். அவர் அதை எடுத்தார். எடுத்தது அவர்தானே என்று நெடுநாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவருடைய கையை அதன்மேல் வைக்கச் செய்தவன் நான்.

இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அந்த மனிதர் என்னிடம் கேட்ட ஒரே ஒரு காரியம் அது. என்னுடைய பெயரை எழுதினாலே ஊருக்கு அவருடையது விளங்கிவிடும்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் டீசல் எஞ்சின் பாடம் படிப்பித்தவன். பிறகு அதை விட்டுவிட்டு வன்னியில் விசுவமடுவுக்கு வந்தேன். குடியேற்றத் திட்டத்தில் தகப்பனாருக்குக் கிடைத்த வயல் அங்கே இருந்தது. நெல் விதைத்தோம். நெல் ஏற்ற ஒரு பழைய லொறியும் வைத்திருந்தேன். வெள்ளைக்காரன் காலத்துத் தயாரிப்பு, முகம் நீண்டது, நின்றால் ஒரு ஆள் தள்ளிக் கிளப்ப முடியாது. காணியில் பெரிய வேம்பு ஒன்று நின்றது. அதன் கீழ்தான் லொறியும் நிற்கும்.

அதே ரக லொறி இன்னொருவரிடமும் இருந்தது. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த வேதக்காரர், கத்தோலிக்கர். வலையும் வள்ளமும் சொந்தமாக உள்ளவர். அப்படிப்பட்டவரைச் சம்மாட்டி என்பார்கள். நானும் அவரைச் சம்மாட்டியார் என்றே கூப்பிட்டேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். மீன் ஏற்றிக்கொண்டு உள்ளூர்ச் சந்தைகளுக்குப் போகிற வழியில் ஒருநாள் அவருடைய லொறி கொதித்து என் வாசல் படலையடியில் நின்றது. விசிறிப் பட்டியை இறுக்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த வழியால் போகும்போதெல்லாம் இறங்கி வருவார். கையில் ஏதாவது மீன் இருக்கும்.

“மாஸ்டர், இண்டைக்கு வெள்ளிக்கிழமை எண்டு தெரியாமல் கொண்டுவந்திட்டன்,” என்பார், வெள்ளியில் நாங்கள் மீன் தொடுவதில்லை என்று தெரிந்துகொண்டே. “நீங்கள் தொடாட்டி உங்கடை எஞ்சினுக்குக் குடுங்கோ. அதுவும் மரக்கறியோ?”

என் மனைவி குசினிக்குள் நின்று சிரிப்பாள். மீனை உப்புப் போட்டு வைத்துவிடுவாள்.

போரைக் காட்டி அரசாங்கம் வன்னிக்குள் உதிரிப்பாகம் வர விடாத காலம் அது. பற்றரி, வயர், எஞ்சின் ஒயில், சவர்க்காரம் எல்லாமே தடையில் நின்றன. டீசல் கிடையாது. மண்ணெண்ணெய்க்குள் பழைய ஒயிலைக் கலந்து டீசல் எஞ்சினை ஓட்டினோம். எஞ்சின் அதைக் குடித்து ஓடும். ஓடியபடியே தன்னைத் தின்னும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன, வால்வுகள் எரிந்தன. முதலில் சம்மாட்டியாருடைய லொறி படுத்தது. சூடேறி, எஞ்சினின் ஹெட் வளைந்து, ஓரத்தில் உடைந்தும் போயிருந்தது. ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடுகிற கனத்த வார்ப்பு இரும்பு. வால்வுகள் அதற்குள்தான் இருக்கும். அது இல்லாமல் எஞ்சின் இல்லை. என்னுடைய லொறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் தண்ணீர் குடித்தது. ரேடியேற்றரை நிரப்பிக்கொண்டு போனால் வரும்போது பாதி இருக்காது. ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கஸ்கட் தகடு போயிருக்கும் என்று நினைத்தேன்.

மல்லாவிப் பக்கம் ஒரு வளவுக்குள் அதே ரக லொறி ஒன்று காடு பத்திக் கிடப்பதைச் சம்மாட்டியார் கண்டுபிடித்தார். இருவரும் சேர்ந்து அதன் எஞ்சினை வாங்கி, உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். என் வேம்பின் கீழ் இறக்கியபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது.

“மாஸ்டர், உங்கடை எது, என்ரை எது, வாங்கினது எது எண்டு பாத்துக்கொண்டிருந்தால் ரெண்டு பேருக்கும் மனம் கெட்டுப்போம். மூண்டு எஞ்சினையும் கழட்டி எல்லாத்தையும் ஒண்டாப் போடுவம். அதிலை ரெண்டு கூறு.”

“ஆர் பிரிக்கிறது?”

“நீங்கள்தான். உங்களுக்குத்தான் சாமான் தெரியும். நீங்கள் கூறு போடுங்கோ, நான் எடுக்கிறன். எங்கடை கரையிலை அப்பிடித்தான். பிரிக்கிறவனுக்கு எடுக்கிற உரிமை இல்லை. எடுக்கிறவனுக்குப் பிரிக்கிற உரிமை இல்லை. அங்கை சண்டை வராது.”

பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்: “எங்கடை வீட்டிலை எப்பவும் நான்தான் எடுக்கிறது. தம்பிமார் என்னைத்தான் முன்னுக்கு விடுவாங்கள். நான் கை வைச்ச கூறு இண்டுவரைக்கும் பிழைச்சதில்லை.”

அது வெறும் பெருமை இல்லை. கடற்கரையில் மீனைக் குவியல் குவியலாகப் போட்டபின் ஒரு குடும்பத்துக்காக எவர் முன்னே வந்து எடுக்கிறாரோ அவருக்கு ஒரு மதிப்பு உண்டு. எந்தக் குவியலின் அடியில் நல்ல மீன் கிடக்கிறது, எதன் மேல் மட்டும் பெரியது இருக்கிறது என்று கண்ணால் அளக்கத் தெரிய வேண்டும். அதைக் கைராசி என்று அவர்கள் சொன்னார்கள்.

மூன்று எஞ்சினையும் கழற்றினோம். பாலை மரக் குத்திகள் மூன்றை நட்டு, உச்சியில் கட்டி, அதில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டுத் தூக்கினோம். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிச் சிரட்டைகளில் போட்டோம். கழுவுவதற்கு மண்ணெண்ணெய் வீணாக்க முடியாது. பாதியாக வெட்டிய இரும்புப் பரலில் சாம்பல் தண்ணீரைக் கொதிக்க வைத்து உதிரிகளை அதற்குள் போட்டோம். சாம்பலுக்கு என் மனைவி தென்னம்மட்டை எரித்தாள். கரியும் கொழுப்பும் கரைந்து, கறுத்த தண்ணீரிலிருந்து பிஸ்டன்கள் வெள்ளையாக வெளியே வந்தன. சம்மாட்டியார் அதைப் பார்த்து, “ஞானஸ்நானம் முடிஞ்சுது” என்றார்.

நடுவில் அவருடைய கோயில் பெருநாள் வந்தது. ஒரு வாரம் கரைக்குப் போய்விட்டார். அந்தக் கிழமையில்தான் நான் என்னுடைய ஹெட்டைச் சோதித்தேன்.

சோதனை மிக எளிது. எத்தனையோ பேருக்கு நானே காட்டிக் கொடுத்தது. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் பூசி, ஊற விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சோக்குத் தூள் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளில் ஈரமான கோடாக வரும். என் ஹெட்டில் அந்தக் கோடு வந்தது. இரண்டு வால்வுகளுக்கு நடுவே, மயிரிழை மாதிரி. தண்ணீர் குடித்தது கஸ்கட் அல்ல. ஹெட் வெடித்திருந்தது. வார்ப்பிரும்பை ஒட்ட அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் வழியில்லை.

மல்லாவியிலிருந்து வந்த ஹெட்டிலும் அதே சோதனையைச் செய்தேன். வெளியெல்லாம் துரு. ஆனால் கோடு வரவில்லை. அது முழுசு.

ஆக, இரண்டு லொறிக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல ஹெட்.

நான் செய்திருக்க வேண்டியது தெளிவானது. அவர் வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். ஓர் எஞ்சினை மட்டும் பூட்டி இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டியிருக்கலாம். எங்கள் வயலில் அறுவடை முடிகிற நேரத்தில்தான் அவர்களுடைய கடல் அடங்கி மீன் படத் தொடங்கும். எனக்கு லொறி தேவைப்படுகிற மாதங்களில் அவருக்குப் பெரிய தேவை இல்லை. கடவுளே பிரித்துவைத்தது போன்ற ஏற்பாடு. அது அன்றைக்கே எனக்குத் தோன்றியது. தோன்றியதும் அதைத் தள்ளிவிட்டேன்.

ஏன் தள்ளினேன் என்பதை எழுதுவதற்குத்தான் இத்தனை வருடம் பிடித்தது. அவரை என் வீட்டில் கதிரை போட்டு இருத்தினேன், உண்மை. ஒரே போத்தலில் தண்ணீர் குடித்தோம். ஆனால் மீன் தண்ணீர் வடிந்த பெட்டியில் என் நெல்லை ஏற்றுவதையும், ‘மாஸ்டரும் சம்மாட்டியும் பங்காளிகள்’ என்று என்னுடைய வேளாள ஆட்கள் சந்தியில் நின்று கதைப்பதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சாதி பார்க்காதவன் என்று என்னை நானே நம்பியிருந்தேன். பார்க்காமல் இருப்பதற்கு எனக்குச் செலவு ஒன்றும் வராதவரைக்கும் அது மெய்யாக இருந்தது.

ஒரு சின்ன உளியும் சுத்தியலும் எடுத்து, அந்த விரிசலின் இரு கரையையும் மெதுவாகத் தட்டித் தட்டி நெருக்கினேன். அரத்தால் மட்டப்படுத்தினேன். தேய்த்த இரும்பு வெளிறித் தெரியுமே என்று விளக்குப் புகையையும் கிரீசையும் குழைத்து அந்த இடத்தில் பூசினேன்.

மனைவி சாம்பல் அள்ள வந்தவள் நின்று பார்த்தாள்.

“என்ன தட்டுறீங்கள்?”

“கரி எடுக்கிறன்.”

“கரி எடுக்கிறதெண்டால் சுரண்டுறது. நீங்கள் அடைக்கிறியள் போல கிடக்கு.”

“உமக்கு இது விளங்காது. போய் உலையைப் பாரும்.”

அவள் போய்விட்டாள். விளங்கித்தான் போனாள்.

சம்மாட்டியார் திரும்பி வந்த நாளில் வேம்பின் கீழ் இரண்டு சாக்கு விரித்து இரண்டு கூறு போட்டிருந்தேன். ஒன்றில் என்னுடைய ஹெட். வால்வுகளையும் சுருள்களையும் பூட்டி, ஒயில் தடவி, பளபளவென்று வைத்திருந்தேன். அதோடு நல்ல பிஸ்டன்களையும் தேயாத வளையங்களையும் சேர்த்தேன். இரையைப் பெரிதாக வைத்தால் மீன் தூண்டிலைப் பார்க்காது. மற்றதில் மல்லாவி ஹெட், துருவோடு, வால்வுகள் தனியாகக் கழன்று கிடக்க. பிஸ்டன்களும் கொஞ்சம் மட்டம். பார்க்கிற எவரும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். ஓர் இரும்பு முழுசா வெடிப்பா என்று தட்டினால் ஒலி காட்டிக்கொடுக்கும். சத்தம் அமுங்குவதற்காகவே என்னுடையதை உமி நிரப்பிய சாக்கின்மேல் வைத்திருந்தேன்.

அவர் இரண்டையும் சுற்றி நடந்தார். குந்தியிருந்து பார்த்தார். ஆச்சரியமாக, முதலில் கை வைத்தது துருப்பிடித்த ஹெட்டில். தடவிப் பார்த்தார். பிறகு என்னை அண்ணாந்து பார்த்து, “மாஸ்டர், நீங்களெண்டால் எதை எடுப்பியள்?” என்றார்.

நான் பதில் சொல்லும் முன்னரே தன் வாயில் தானே தட்டிக்கொண்டார்.

“பிழை, பிழை. கேட்கக்கூடாது. கூறு போட்டவன் வாய் திறக்கக்கூடாது. அதுதான் ஒழுங்கு.”

நான் வாய் திறக்கவில்லை. அந்த ஒழுங்கை என்னைப் போல எவரும் அத்தனை விசுவாசமாகக் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டு, துருவிலிருந்து கையை எடுத்து மினுங்குகிற ஹெட்டின்மேல் வைத்தார். “இது என்ரை.”

அதன் பிறகு இரண்டு எஞ்சினையும் இருவரும் சேர்ந்தே பூட்டினோம். செப்புக் கஸ்கட்டுகளை நெருப்பில் சூடாக்கி இளக்கினோம். அவருடைய ஹெட்டின் நட்டுகளை என் கையாலேயே இறுக்கினேன். நடுவில் தொடங்கி இருபக்கமும் போக வேண்டும், ஒரேயடியாக இறுக்கக்கூடாது என்று அவருக்குப் பாடமும் சொன்னேன். அவர் ஒவ்வொரு நட்டையும் தொட்டு மனப்பாடம் செய்தார். எஞ்சின் முதல் முறை பிடித்து உறுமியபோது லொறியை விட்டுக் குதித்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய சட்டையில் கருவாட்டு மணமும் ஒயில் மணமும் இருந்தன.

“தண்ணியை மட்டும் கவனமாப் பாருங்கோ,” என்றேன். “பாரம் கனக்க ஏத்தாதேங்கோ. ஏத்தம் வந்தால் நிப்பாட்டி ஆற விடுங்கோ.”

அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்த உண்மை. அதை அவர் அக்கறை என்று எடுத்துக்கொண்டார். பிறகு வரும்போதெல்லாம், “மாஸ்டர் சொன்னபடி தண்ணிக் கான் இல்லாமல் நான் எங்கையும் போறேல்லை” என்று காட்டுவார். குளிர்ந்த இரும்பில் விரிசல் மூடியிருக்கும். சூடேறினால் திறக்கும். பாரம் குறைவாக, கிட்டத் தூரம் ஓடினால் சில காலம் தாங்கும். தாங்கியது. தாங்கிய ஒவ்வொரு மாதமும் நான் செய்தது பிழையில்லை என்று எனக்குச் சொல்லிற்று.

பிறகு கரையில் ஷெல் விழத் தொடங்கியது. கரைச் சனம் முழுவதும் ஒரே நாளில் இடம்விட்டு எழும்பியது. அவருடைய ஊரில் லொறி என்று இருந்தது அவருடையது மட்டும். தம்பிமாருடைய வலைகள், அயலவருடைய வலைகள், வள்ளங்களில் கழற்றிய வெளி எஞ்சின்கள், கயிறுகள், எல்லாவற்றையும் அதில் ஏற்றினார்கள். வலை போனால் கடற்கரைச் சனத்துக்கு மிச்சம் ஒன்றுமில்லை; ஆகவே சனம் நடந்தது, வலை லொறியில் போனது. தாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு பாரம். நிறுத்தி ஆற விடுவதற்கு அன்றைக்கு நேரமும் இல்லை. காட்டுப் பாதையில் ஹெட் திறந்தது. வெள்ளைப் புகை கக்கி, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தார்கள். முடியவில்லை. கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சில நாட்கள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது லொறியும் வலைகளும் எரிந்து கிடந்தன.

இதையெல்லாம் அவரே சொன்னார், என் வேம்பின் கீழ் இருந்துகொண்டு. ஏனென்றால் அவர்கள் என் வளவுக்குத்தான் வந்தார்கள். கூரை வேயக் கிடுகு கொடுத்தேன், கிணறு கொடுத்தேன், நெல் கொடுத்தேன். மாஸ்டரைப் போல ஒரு மனிதர் இல்லை என்று அந்தச் சனம் சொல்லிற்று. துருவைச் சுரண்டிப் பூட்டிய மல்லாவி ஹெட்டோடு என் லொறி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இடம்பெயர்ந்தவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கினேன். ஒரு கிழவி என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தாள்.

“தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்தன், மாஸ்டர்,” என்றார் சம்மாட்டியார். “நீங்கள் சொன்னபடிதான் எல்லாம் செய்தன். என்ரை கைதான் பிழைச்சுது. முதலிலை மற்றதிலைதான் கை வைச்சனான். நீங்கள் பாத்தனீங்கள்தானே? ஏன் எடுத்தனான் கையை?”

நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

அன்று மனைவி சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, கோப்பையைத் தள்ளி வைத்தபடி சொன்னாள்: “அவர் எடுத்ததெண்டு இனி ஒருக்காலும் சொல்லாதேங்கோ. என்னட்டைச் சொன்னாலும் சரி, சாமியறைக்குள்ளை சொன்னாலும் சரி.”

கரை அடங்கியதும் அவர்கள் திரும்பிப் போனார்கள். நான் அவரைக் காணாமல் இருக்கப் பழகினேன். ஆனால் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற ஒரு வியாபாரியிடமிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. தம்பிமார் கடன்பட்டுச் சின்ன வலை ஒன்று கட்டியிருக்கிறார்களாம். சம்மாட்டியாரும் அதில் தொழிலுக்குப் போகிறாராம், கூலியாள் மாதிரி.

“கூறு எடுக்கிறது ஆர்?” என்று கேட்டேன்.

“இளையவன்தான். பெரியவரை விடமாட்டாங்கள், ஐயா. ராசியில்லாத கை எண்டு பேர் வந்திட்டுது. அவரும் முன்னுக்கு வரமாட்டார். கூறு போடேக்கை அங்காலை திரும்பிக்கொண்டு நிண்டு பீடி பத்துவார்.”

எரிந்த லொறியை விட, எரிந்த வலையை விட, அது என்னை அறுத்தது. வலையை ஷெல் எரித்தது என்று ஏதோ ஒரு வகையில் நான் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கண்ணையும் கையையும் கெடுத்தது நான் ஒருவன்தான். அந்த மனிதரின் கை பிழைக்கவில்லை. முதலில் சரியான இடத்தில்தான் விழுந்தது.

அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருந்தது. லொறியை வேம்பின் கீழ் நிறுத்தி, தனியே எஞ்சினைத் திறந்தேன். மூடியை எடுத்தேன், நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, பூட்டியதற்கு எதிர் ஒழுங்கில் தளர்த்தினேன். ஹெட் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மரக்கட்டையால் தட்டித் தட்டி எடுத்தேன். மண்ணெண்ணெயும் சோக்குத் தூளும் போட்டு இன்னொரு முறை பார்த்தேன். கோடு இல்லை. அத்தனை ஓட்டத்துக்குப் பிறகும் முழுசாகவே இருந்தது. மனைவி வந்து சாக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, “கயிறும் கொண்டு போங்கோ” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

கரைப் பக்கம் போகிற உழவு மெசின் பெட்டியில் அதை ஏற்றிக்கொண்டு போனேன். சம்மாட்டியார் கிடுகுக் கொட்டிலின் நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து சாக்கை இறக்க ஒரு கை பிடித்தார்.

“என்ன மாஸ்டர், இரும்பு வியாபாரமோ?”

நின்றபடியே சொன்னேன். சோக்குத் தூளில் வந்த கோடு, உளி, விளக்குப் புகை, உமிச் சாக்கு, எல்லாம். ஏன் செய்தேன் என்பதையும், சாதியையும் சேர்த்து, சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் மாறிற்று. மற்றதெல்லாம் கேட்டபோது மாறவில்லை.

வலைக்கட்டையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கிக் கையில் எடுத்தார். பிறகு, “அப்ப முதலிலை வைச்ச கை சரி,” என்றார்.

“ஓம். சரிதான். உங்கடை தம்பிமாரைக் கூப்பிடுங்கோ. அவைக்கு முன்னாலை நான் சொல்லுறன். கோயிலடியிலை வைச்சுச் சொல்லச் சொன்னாலும் சொல்லுறன்.”

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“வேண்டாம்.”

“ஏன்?”

“இப்ப என்னை ராசியில்லாதவன் எண்டு சொல்லுறாங்கள். ராசி கெடுறது மனுசருக்கு வாறதுதான், அதிலை வெட்கம் இல்லை. நீங்கள் சொன்னியளெண்டால் நாளைக்கு மடையன் எண்டு சொல்லுவாங்கள். வேளாளன் மினுக்கிக் காட்ட, வாயைப் பிளந்துகொண்டு எடுத்தவன் எண்டு. என்ரை பிள்ளையளுக்கும் அந்தப் பேர்தான் நிக்கும்.” குரலை உயர்த்தவில்லை. “உங்களுக்குச் சொல்லிப்போட்டால் பாரம் இறங்கும், மாஸ்டர். இறக்கிற பாரத்தை என்ரை தலையிலையோ வைக்கப் போறியள்? ஆரிட்டையும் என்ரை பேரைச் சொல்லாதேங்கோ. அது ஒண்டைச் செய்யுங்கோ.”

நான் சரி என்றேன். கொண்டுவந்த ஹெட்டைக் காட்டி, “இது உங்கடை” என்றேன்.

“லொறி இல்லாதவனுக்கு ஹெட் என்னத்துக்கு?” என்றவர் சாக்கை விலக்கிப் பார்த்தார். விரலால் சுண்டினார். நல்ல வார்ப்பு, மணி போலச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம்.

“நல்ல பாரம்,” என்றார். “ஓட்டையளும் இருக்கு. கயிறு போட்டால் வள்ளத்துக்கு நங்கூரம்.”

பகிடியா, மெய்யா என்று எனக்கு விளங்கவில்லை. கயிறு கேட்டார். மனைவி தந்துவிட்ட கயிற்றைக் கொடுத்தேன். நட்டுப் பூட்டுகிற ஓட்டைகளுக்குள்ளால் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டார். இறுக்கும்போது நடுவில் தொடங்கி இருபக்கமும் போனார். பிறகு இருவருமாகத் தூக்கி வள்ளத்தில் வைத்தோம். எனக்குத் தேத்தண்ணி தரவில்லை. போட்டு வாங்கோ என்றும் சொல்லவில்லை.

அந்த அறுவடைக்கு என் லொறி ஓடவில்லை. ஹெட் இல்லாத எஞ்சின் வாய் திறந்தபடி வேம்பின் கீழ் நின்றது. சிலிண்டர்களுக்குள் வேப்பம்பூ விழுந்தது. கண்டவர்கள் எல்லாம், “மாஸ்டர், ஹெட் எங்கை?” என்று கேட்டார்கள். வெடித்துவிட்டது என்றேன். அவருக்குக் கொடுத்த வாக்குக்காக இன்னொரு பொய். நெல்லை அயலவனின் மெசின் பெட்டியில் ஏற்றினேன். அவன் முந்தின நாள் அதே பெட்டியில் கருவாடு ஏற்றியிருந்தான்.

அடுத்த வருடம் கடல் அடங்கிய பிறகு இன்னொருமுறை கரைக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மன்னிப்பை எதிர்பார்த்துத்தான் போயிருப்பேன். வள்ளம் ஆழமில்லாத தண்ணீரில் ஆடிக்கொண்டு நின்றது. கயிறு நேராகக் கீழே இறங்கியிருந்தது. தெளிந்த தண்ணீரில் நான் அதைக் கண்டேன். துருவும் பாசியும் பிடித்து, ஓட்டைகளில் சின்ன மீன்கள் புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தன.

கரைவலை இழுபட்டுக்கொண்டிருந்தது. சம்மாட்டியாரும் கயிற்றில் நின்றார். என்னைக் கண்டார், கூப்பிடவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றின் கடைசியில் போய்ப் பிடித்தேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளங்கை உரிந்து எரிந்தது.

வலையின் மடி கரை ஏறியதும் மீனைக் கூறு போட்டார்கள். இளையவன் முன்னே வந்து குடும்பத்துக்குரியதை எடுத்தான். சம்மாட்டியார் மற்றப் பக்கம் திரும்பி நின்று பீடி பற்றவைத்தார். வியாபாரி சொன்னது போலவே. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கொண்டுவந்து கொடுத்த உண்மையால் அந்த முதுகு திரும்பவில்லை.

கயிறு இழுத்த எவருக்கும் கொஞ்சம் மீன் உண்டு, வழிப்போக்கனாக இருந்தாலும். எங்களுக்கென்று சின்னச் சின்னக் கூறுகளாக மணலில் போட்டார்கள். அப்போதுதான் அவர் திரும்பினார்.

“மாஸ்டர் எடுக்கட்டும்,” என்றார். “முதல் கூறு அவருக்கு.”

எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், அவர் மட்டும் என் கையைப் பார்த்தார். நான் குனிந்து, எல்லாவற்றிலும் சின்னதாக, முள்ளு மீன்கள் கிடந்த கூறை எடுத்தேன்.

அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“சின்னக் கூறை எடுத்தால் சரியாப்போமோ, மாஸ்டர்?”

பிறகு கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

மீனைப் பனை ஓலைக்குள் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். அது வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்து குசினி வாசலில் வைத்தபோதுதான் நினைவு வந்தது.

மனைவி விரித்துப் பார்த்தாள்.

“அவர் தந்தவரோ?”

“இல்லை,” என்றேன். “நான் எடுத்தது.”

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு குந்தி, செதில் உரிக்கத் தொடங்கினாள்.